பனியன் பெட்டியில் என் மகள்

குழந்தை பிறந்த செய்தியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்காக எடுத்த படம் அது. கடையில் வைத்து விற்பதற்காக எடுத்தது அல்ல. இந்த ஒரு விஷயத்தை நாலு பேருக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தோம். அவர் ஒரு பனியன் கம்பெனியில், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். நான் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். கல்யாணமாகி வெகுகாலம் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் வளைகாப்பு, பெயர் வைப்பு என்றால் என்னை மட்டும் கூப்பிடாமல் விட்டார்கள். ஒரு தடவை நாத்தனாரின் பிள்ளையை ஆசையாகத் தூக்கினேன். பால் குடிக்கிற நேரம் என்று சொல்லி, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு தபால் கார்டில் ‘பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இருவரும் நலம்’ என்று எழுதிப் போட எனக்கு மனசில்லை. என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். படம் எடுத்து, கார்டு அளவில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் சேதி எழுதி அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

தலை சரியாக நிற்காத குழந்தையை டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று, மெயின் ரோட்டு ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே வரச் சொன்னோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டில் வந்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் ஒரே ஒரு அறைதான். வெளிச்சம் கதவு வழியாக மட்டும் வரும். அவர் பாயை வாசற்படி வரைக்கும் இழுத்துப் போட்டு, அதன் மேல் தலையணை வைத்து, என் கல்யாணப் புடவையை எடுத்து விரித்தார். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தோம். கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளைத் துணியில் நான் தைத்த சட்டை போட்டிருந்தாள். நெஞ்சுக்கு நேரே மஞ்சள் நூலில் ஒரு வாத்து போட்டிருந்தேன். கழுத்து சரியாக வராமல் அது கோழி மாதிரிதான் இருந்தது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கருகருவென்று.

ஸ்டுடியோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினார். “அம்மணி, பவுடரக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுடுங்க. அப்பத்தான் படத்துல நெறமெடுத்துக் காட்டும்” என்றார்.

என் மகள் என் நிறம். நல்ல கருப்பு. பிறந்த அன்றே ஆஸ்பத்திரி ஆயாவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் ‘போகப் போகத் தெளிஞ்சிரும்’ என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். யார் கேட்டார்கள் இவர்கள் ஆறுதலை? பவுடரெல்லாம் வேண்டாம், இருக்கிற மாதிரியே எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டார்.

ஃப்ளாஷ் அடித்ததும் குழந்தை வீறிட்டாள். அவர் கொண்டு வந்திருந்த பஞ்சு நாய்க்குட்டியைக் காட்டினால் இன்னும் அழுதாள். கடைசியில் என் வீட்டுக்காரர் கேமராவுக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, ஓவர்லாக் மிஷின் ஓடுகிற மாதிரி வாயாலேயே சத்தம் கொடுத்தார். வயிற்றிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா? தலையை நெஞ்சோடு தூக்கி, ஈறு தெரிய ஒரு சிரிப்பு சிரித்தாள். படம் விழுந்தது அதில்தான்.

ஊருக்கெல்லாம் கார்டு போனது. மாமியார் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாத்தனாரிடமிருந்து பதில் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

மகள் நடக்கப் பழகிய பிறகு, என்னோடு செக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. தாராபுரத்தில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு லீவு நாளில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில், யாரோ பார்க்க வந்தவர்கள் கொடுத்த குழந்தை பனியன் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு குழந்தை குப்புறப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று கையில் எடுத்தேன். நெஞ்சில் மஞ்சள் வாத்து. கோழிக் கழுத்து.

என் வாத்து, என் புடவையின் கரை, என் மகளின் சிரிப்பு. ஆனால் அந்தக் குழந்தை ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. உதட்டுக்குச் சிவப்புத் தீட்டியிருந்தார்கள். சுருட்டை முடியைப் பழுப்பாக்கியிருந்தார்கள். திருஷ்டிப் பொட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு கன்னக்குழி வரைந்திருந்தார்கள். என் மகளுக்குக் கன்னக்குழி கிடையாது.

இது என் பிள்ளை என்று சொன்னேன். பிரசவித்தவளின் அம்மா பெட்டியைப் பார்த்தார், இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு என் மனம் நோகக்கூடாது என்பது போல மெதுவாக, “ஜாடை இருக்குதுங்க கண்ணு” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெட்டியில் இருந்தது அவ்வளவு வேறு நிறம்.

பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். என் வீட்டுக்காரர் அதை வாசல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு, இந்த ஊரில் எல்லா முதலாளிகளும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம், சண்டைக்குப் போனால் நம் வேலைக்குத்தான் ஆபத்து, விட்டுவிடு என்றார். திருடியவனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவளைச் சும்மா இருக்கச் சொல்கிறீர்களே என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேலும்தான் ஆத்திரம்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் பெட்டியைப் பார்த்ததும் முகம் மாறினார். ஆனால் சமாளித்துக்கொண்டார். பனியன் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற ஏஜென்ட் ஒருவர் குழந்தை படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம், இவர் எடுத்துக் கொடுத்தாராம். நெகட்டிவ் எப்போதும் ஸ்டுடியோவுக்குச் சொந்தம் என்று வேறு சொன்னார்.

“எத்தன ஊர்ல உங்க கொழந்த மொகம் போகுதுங்க. பெருமையா நெனச்சுக்கோங்க அம்மணி.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?”

“கேட்டா குடுத்திருக்க மாட்டீங்களே.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. நியாயம் பேசுகிற மாதிரியே சொன்னார். கொடுக்க மாட்டேன் என்று தெரிந்தேதான் எடுத்திருக்கிறார். நான் கடைக்குள் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நெகட்டிவைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன். ஜாதகத்துக்குப் படம் எடுக்க வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அவர்களைப் பார்த்ததும் ஸ்டுடியோக்காரர் உள்ளே போய் ஒரு உறையில் நெகட்டிவைக் கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

அங்கிருந்து நேரே பனியன் கம்பெனிக்குப் போனேன். விலாசம் பெட்டியிலேயே இருந்தது. உள்ளூர் வியாபாரம் செய்கிற நடுத்தரமான கம்பெனி. முதலாளி வயசானவர், வெள்ளை வேட்டி சட்டை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், குழந்தைக்கு பிஸ்கட் கொடுக்கச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பெட்டியையும் என் மகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இந்தக் கொழந்தையுங்களா? பொட்டில இருக்கறது செவப்பா இருக்குதுங்களே” என்றார்.

பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து மேஜை மேல் விரித்தேன். பக்கத்தில் நெகட்டிவை வைத்தேன். வாத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பெரிய மனிதர் சின்ன விஷயத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு. மணி அடித்து ஆளைக் கூப்பிட்டு, குழந்தை அளவில் ஒரு டஜன் பனியன் கொண்டு வரச் சொன்னார்.

எனக்குப் பனியன் வேண்டாம் என்றேன். படத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன். அடித்த பெட்டி குடோன் நிறைய இருக்கிறது, தீர்ந்தால் பார்க்கலாம் என்றார். அப்படியானால் இனிமேல் அடிக்கிறதிலாவது அவளை அவள் நிறத்தில் போடுங்கள் என்றேன். அதைக் கேட்டதும்தான் அவருக்கு என்னைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது.

“கருப்புக் கொழந்தயப் போட்டா பொட்டி விக்குமுங்களா அம்மணி?”

“வாங்குறவுக எல்லாம் என்ன நெறத்துல இருக்காகன்னு பாத்திருக்கீகளாங்க?”

ஆள் கொண்டு வந்து வைத்த பனியன்களை அங்கேயே விட்டுவிட்டு, சட்டையையும் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படிக்கட்டில் இறங்கும்போது மகள் பிஸ்கட்டுக்கு அழுதாள். அவளை அதட்டினேன்.

என் வீட்டுக்காரர் பயந்தபடியே நடந்தது. அந்த வாரமே எங்கள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, பொம்பளையைக் கொஞ்சம் அடக்கி வை, பெரிய மனுஷன் ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறாள் என்றாராம். தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தவர் வந்து சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. “அவ கேட்டது நியாயம் சார். நான் கேட்டிருக்கணும். எனக்குத் தைரியமில்ல, அவ போனா” என்று எல்லார் எதிரிலும் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கம்பெனியில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. ஒரு மாதத்தில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டோம். அப்போது திருப்பூரில் தையல் தெரிந்தவனை எங்கேயும் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தத் தைரியமும் எங்களுக்கு ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

குடோனில் இருந்த பெட்டி தீரவே இல்லை. தீர்ந்தபோது, நெகட்டிவ் என்னிடம் இருந்தும், அச்சகத்தில் வைத்திருந்த பிளாக்கிலிருந்து அதே படத்தைத் திரும்ப அடித்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டு கடைகளில், சந்தையில், உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்கூட அந்த ரோஜா நிறக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. மகள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு கடையில் பெட்டியைக் காட்டி இது நான்தான் என்று கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். உன்னைப் பார், அதைப் பார் என்று கேலி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, “சின்னப் புள்ளயில செவப்பா இருந்தேனாம்மா? அப்புறம் ஏன் இப்பிடி ஆயிட்டேன்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காக நான் அந்த ஸ்டுடியோக்காரரை, அந்த ஏஜென்டை, கன்னக்குழி வரைந்த கையை, காபி கொடுத்த முதலாளியை, ஒருவரையும் மன்னிக்கவில்லை. அவளை மடியில் உட்காரவைத்து, நீ அன்றைக்கும் இதே நிறம்தான், அவர்கள்தான் பொய்யாக அடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். ஏன் பொய்யாக அடித்தார்கள் என்று கேட்டாள். ஒரு குழந்தைக்கு இதை எப்படிச் சொல்வது? அவர்களுக்குக் கண் சரியில்லை என்றேன். அவள் அதை நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கம்பெனி பெட்டியை மாற்றியது. புதுப் பெட்டியில் நீலக் கண்ணும் வெள்ளை முடியுமாக ஒரு வெளிநாட்டுக் குழந்தை. கடையில் அதைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், ஒருவழியாக நம் பிள்ளையை விட்டார்கள், இனி நிம்மதியாக இரு என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை. இந்தக் குழந்தையின் அம்மாவிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்றுதான் தோன்றியது.