இரண்டும் இடக்கை

சட்டைத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். துணி வெட்டும் மேசை அவருடையது. அதற்கு எதிரே, சட்டைக்குக் கை பொருத்தும் மெஷினில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள்.

மாஸ்டர் குடிப்பார். குடித்தால் வீட்டில் தட்டு பறக்கும். அதற்கு ஒரு வழி சொன்னவன் அவளுடைய தம்பி, வேன் ஓட்டுகிறவன்.

"மாமா சாயங்காலம் ரெண்டு இழுப்பு கஞ்சா இழுக்கட்டும்க்கா. பாட்டிலத் தேட மாட்டாரு. மூளைக்கும் ஓய்வு."

"போடா, உன் மூளைக்கு முதல்ல வேலை குடு" என்று விரட்டினாள். ஒரு நாள் தட்டு அவள் புருவத்தைக் கிழித்தது. அவளே வாங்கி வரச் சொன்னாள்.

தம்பி சொன்னது பலித்தது. பாட்டிலில் பாதி அப்படியே மிஞ்சியது. வீட்டில் சத்தம் அடங்கியது. பொட்டலத்தைச் சோப்புத்தூள் டப்பாவில் அவளே பத்திரப்படுத்தினாள். மாஸ்டர் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவார். சொன்ன கதையையே மறுபடி சொல்வார். தட்டு பறந்த நாட்களை நினைத்தால் இதெல்லாம் எம்மாத்திரம்?

பிறகு ஒரு காலை, அவள் மெஷினுக்கு வந்த துணிக்கட்டில் எல்லாமே இடக்கைகள்.

துணியை நல்ல பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, சட்டைக் கையின் அளவு அட்டையை ஒரு முறை நேராகவும் ஒரு முறை புரட்டியும் வைத்து வரைய வேண்டும். மாஸ்டர் புரட்ட மறந்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் இடக்கை இருக்குற ஆளாப் பாத்து விக்கணும் மாஸ்டர்" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதற்குச் சிரிப்பு என்றே அவருக்குப் புரியவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆனா, மேசைக்கு வேற ஆள் போடுவேன்" என்றார் சூப்பர்வைசர், இப்போது சிரிக்காமல்.

அன்று பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டினாள். மாஸ்டர் மீதிப் பாட்டிலைக் காலி செய்தார். மறுநாள் முழுப் பாட்டில். வேலைக்குப் போகவில்லை. சமையலறையில் ஒரு தட்டும் மிஞ்சவில்லை. அவள் தம்பியிடம் போனாள்.

"மறுபடி வாங்கிட்டு வா."

"நீதானக்கா வேணாம்னு…"

"வாங்கிட்டு வாடா."

மாஸ்டர் அமைதியாக வேலைக்கு வந்தார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார். மாஸ்டர் அட்டையை வைத்து வரைந்தார். பிறகு அதைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். அவர் கண்கள் வரிசை வரிசையாகத் தேடி அவளிடம் வந்து நின்றன.

அவள் மெஷினை நிறுத்தாமல், உள்ளங்கையை மட்டும் மெல்லப் புரட்டிக் காட்டினாள்.

மாஸ்டர் அட்டையைப் புரட்டினார். சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த அடுக்கு வந்தது. மாஸ்டர் வரைந்தார், அட்டையை எடுத்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளிடம் அப்போதுதான் கற்றுக்கொள்பவர் போல.