அண்ணன் பயறும் என் சோளமும்

கண்ணுகளா, உங்கள் பெரியப்பா ஒரு மழைக்காலம் முழுக்க என்னை "வாங்க, போங்க" என்று கூப்பிட்டார். நம் பக்கத்தில் எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம் என்பீர்கள். கூடப் பிறந்த தம்பியை அப்படிக் கூப்பிட்டால் தள்ளி வைத்துவிட்டதாக அர்த்தம்.

தொண்ணூறுகளில், பல்லடத்துக்குத் தெற்கே இருந்த நம் மேட்டுக்காட்டைப் பாகம் பிரிக்க முடியவில்லை. மண்ணில் சத்தே கிடையாது. கீழ்ப்பாதி சுண்ணாம்புக்கல், மேல்பாதி சரளை. எந்தப் பாதியைத் தந்தாலும் நல்லது அடுத்தவனுக்குப் போய்விட்டதாக இருவருக்கும் தோன்றியது. கடைசியில் எங்கள் தாய்மாமன் மண்ணை விட்டுவிட்டு வெள்ளாமையைப் பிரித்தார். வழக்கம்போல ஒரு சால் சோளம், அடுத்த சால் தட்டைப்பயறு. சோளம் எனக்கு, பயறு அண்ணனுக்கு.

கொடி ஓடும் வரைக்கும் நிம்மதிதான். பிறகு பயறு என் சோளத்தின்மேல் ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சமயம் விவசாயக் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த அண்ணன், ஒரு பயற்றஞ்செடியை வேரோடு பிடுங்கிவந்து என் வாசலில் நின்றார். வேரில் கடுகைவிடப் பெரிதாய் முடிச்சுகள். காற்றில் இருக்கிற தழைச்சத்தை அதுதான் மண்ணில் சேர்க்கிறது என்று சொன்னார்களாம்.

"ஏனுங்க தம்பி, எம்பட பயறு சம்பாரிச்சுப் போடுது, உங்க சோளம் உக்காந்து திங்குது. நாயமுங்களா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாட்டுத்தீனிக்கு ஆகும் சோளத்தட்டில் பாதி, அறுப்பு முடிந்ததும் தனக்கு வேண்டும் என்றார். அப்படியானால் கொடி ஏறி நிற்கிற இடத்துக்கு வாடகை வைக்கட்டும் என்றேன். அன்றிலிருந்துதான் அந்த 'ங்க'. எதிர்ப்பட்டால் "சாப்டீங்களா" என்பார், "ஆச்சுங்க" என்பேன். உடம்பு கூசும். சோளம் விளைந்தால் என்ன, விளையாவிட்டால் என்ன, ஒரு தடவை 'டேய்' என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

வாடகைப் பேச்சை அவர் மறக்கவில்லை. வேலமரக் குச்சிகளை வெட்டிவந்து செடிக்கு ஒன்றாக நட்டார். என் சோளத் தண்டுகளிலிருந்து கொடிகளைப் பிரித்துக் குச்சியில் சுற்றிவிட்டார். இரண்டு நாளில் பாதிக் கொடி திரும்பவும் சோளத்தின்மேல் சாய்ந்திருந்தது.

"உங்க சோளத்தக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார்.

"சொல்லிப் பாக்கறனுங்க" என்றேன்.

ஒரு மத்தியானம் யாருடையதோ ஒரு வெள்ளாடு உள்ளே புகுந்துவிட்டது. அண்ணன் ஓடிப்போய் அதைப் பயற்றிலிருந்து விரட்டினார். அது பக்கத்துச் சாலில் சோளத்தைக் கடித்தது. சோளம் என்னுடையது என்பதால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஓடிச் சோளத்திலிருந்து விரட்டினேன். பயற்றுக்குப் போனது. நானும் கையைக் கட்டிக்கொண்டேன். ஆடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மென்றது. குச்சிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டேய், பல்லக் காட்டிட்டு நிக்கறயே, முடுக்குடா அத."

முடுக்கினேன். வேலி வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே ஓடினோம். மூச்சு வாங்க நின்றபோதுதான் 'டேய்' என்று கூப்பிட்டது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"போங்க, போயி வேலிப் படலச் சாத்துங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரம் நான் மட்டும் காட்டுக்குத் திரும்பிப் போனேன். ஆடு தள்ளிவிட்ட குச்சிகளை அப்படியே விட்டுவிட்டேன். கீழே கிடந்த கொடிகளை எடுத்து, மண்ணைத் தட்டி, ஒவ்வொன்றாக என் சோளத்தட்டில் சுற்றிவிட்டு வந்தேன்.