பேதுரு தீத்திய கிரீஸ்

எத்தாளையில் கத்தரினாவின் மொரிஸ் மைனரைத் தெரியாதவர் இல்லை. கிழட்டுக் கார்தான். ஆனாலும் பிள்ளைப்பேற்று நோவு கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அது ஒருநாளும் நின்றதில்லை. ஊரில் பாதிப் பிள்ளைகள் தன் காரில் ஏறித்தான் பிறக்கப் போனதாகக் கத்தரினா பெருமையடிப்பாள். அதில் பாதி பொய்யென்றாலும் மீதிப் பாதியே பெரிய புண்ணியம்.

புருஷன் பேதுருவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடலில் எந்தக் காற்றிலும் வள்ளத்தைத் திருப்புவார். ரோட்டில் பெண்சாதிக்குப் பக்கத்துச் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது.

போன ஆவணியில் தலவில் அன்னம்மாள் திருநாளுக்குப் போன இடத்தில், கத்தரினா கோயில் படியில் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கையில் பிளாஸ்டர் போட்டார்கள். கார் கொட்டிலில் நின்றது. சும்மா நிற்கிற இரும்பை உப்புக்காற்று தின்றுவிடும் என்பது பேதுருவின் வேதம். வள்ளத்து எஞ்சினுக்குச் செய்வதையே காருக்கும் செய்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் கிரீஸ் கன்னோடு காருக்கு அடியில் படுத்து, கிரீஸ் ஏற்றத் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்வாயான நிப்பிள் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அடித்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சில்லுகளை இழுத்துத் திருப்புகிற நீளக் குழாயை றேக் என்பார்கள். அதிலும் ஒரு நிப்பிள் இருந்தது. அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தார். கத்தரினா திரும்பக் காரை எடுக்கும்போது அவள் கைக்கு லேசாக இருக்கட்டும் என்ற ஆசைதான்.

பிளாஸ்டரை வெட்டிய பிறகு கத்தரினா காரை எடுத்தாள். ஸ்டீயரிங் அசைய மறுத்தது. வளைவில் திருப்ப முடியாமல் கார் வெங்காயத் தோட்டத்து வேலியில் போய் முட்டி நின்றது. அவள் இறங்கி, வலக்கையைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கை முடிஞ்சுது" என்றாள்.

வீட்டுக்கு வந்து, காரிலிருந்து உருவிய திறப்பை அன்னம்மாள் சுரூபத்தின் காலடியில் வைத்தாள். அன்றிலிருந்து தேங்காய் துருவுவதையும் மருமகள் டெனிஷாவிடம் விட்டுவிட்டாள். நோவு கண்டவர்கள் வீட்டார் வந்து கூப்பிட்டால், ஓட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஊரையே ஒரு சொல்லில் நிறுத்துகிற வாய் நாளுக்கு நாள் அடங்கிப் போனது. அவளைப் பார்க்கப் பார்க்கப் பேதுருவுக்கு நெஞ்சு வெந்தது. தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்: இன்னும் கொஞ்சம் கிரீஸ் அடித்தார்.

தை மாதம் முந்தல் ஊரிலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். கத்தரினா மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். ஸ்டீயரிங்கை மட்டும் சரிபண்ணித் தரும்படி அவர் கேட்டார். கற்பிட்டியில் கராஜ் வைத்திருக்கும் நஸீர் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனான். பேதுருவும் கூடவே போனார். கராஜ் வாசலில் இறங்கிய நஸீர் தோளைப் பிசைந்தான்.

"பேதுருண்ணன், அக்கா இத எப்பிடி ஓட்டினாங்க? எனக்கே கை உளையுது."

பேதுரு அவன் தோளைப் பார்த்தார். நஸீர் எஞ்சினைத் தனியாளாகத் தூக்கி வைக்கிறவன். அவனுக்கே கை உளைகிறதென்றால், கத்தரினாவின் கையில் என்ன குற்றம்?

நஸீர் றேக்கைக் கழற்றி, இரண்டு முனையிலும் இருந்த ரப்பர் உறைகளை உரித்தான். ஒரு பக்கம் கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. மறுபக்கத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

"இது எண்ணெய் குடிக்கிற சாமான் அண்ணன். நிப்பிளக் கண்டு ஏமாந்து, ஆரோ பிள்ளைக்குச் சோறு தீத்துற மாதிரி கிரீஸத் தீத்தித் தீத்தித் தொண்டைய அடைச்சிரிக்கிறான்."

அந்த 'ஆரோ' மண்ணெண்ணெய் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், கிரீஸ் ஏறிய நகத்தை எங்கே மறைப்பது? குந்தியிருந்து, றேக்கின் ஒவ்வொரு பல்லையும் தானே கழுவினார். நஸீர் மெல்லிய தகடுகள் வைத்து ஆட்டத்தை எடுத்தான். புது உறை மாட்டி, கியர் எண்ணெய் விட்டுக் காரில் பூட்டினான்.

காரை விற்க முன் சொந்தக்காரி ஒருதரம் பார்க்க வேண்டும் என்று ஏதோ சாட்டுச் சொல்லி, பேதுரு போய்க் கத்தரினாவைக் கூட்டி வந்தார். அவள் வேண்டாவெறுப்பாக ஏறிக் கராஜ் முற்றத்தில் காரை மெல்ல உருட்டினாள். ஸ்டீயரிங் சொன்ன பக்கம் திரும்பியது. மற்றப் பக்கம் திருப்பினாள். அதுவும் வந்தது. காரை நிறுத்திவிட்டு வலக்கையையே பார்த்தாள்.

"அப்ப என்ட கையில ஒண்டுமில்லையா?"

"உன்ட கையில ஒண்டுமில்ல" என்றார் பேதுரு. "நான்தான் ஞாயிறு ஞாயிறா கிரீஸ் அடிச்சு இறுக்கிப்போட்டன். உனக்கு லேசா இருக்கட்டும் எண்டு."

கத்தரினா ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். நஸீர் தேத்தண்ணி சொல்லப் போவதுபோல வெளியே போய்விட்டான். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முந்தல்காரரை வர வேண்டாமென்று சொல்லும்படி, திரும்பி வந்த நஸீரிடம் சொன்னாள். பேதுருவை ஏறச் சொன்னாள்.

வழிநெடுக அவருக்கு ஏச்சு விழுந்தது. கிரீஸ் கன் இனி வள்ளத்தோடு நிற்க வேண்டும், தன் காரின் நிழலிலும் படக்கூடாது என்றாள். இத்தனை மாதம் தன்னை முடமாக்கி வைத்த மனுஷன் என்றாள். பேதுரு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். அவளுடைய அந்த வாய் திரும்பி வந்ததே போதும் என்றிருந்தது அவருக்கு.

வெங்காயத் தோட்டத்து வளைவு வந்தது. வேலியில் முறிந்த கம்பு இன்னும் மாற்றாமல் கிடந்தது. கத்தரினா ஏச்சை நிறுத்தினாள். உடைந்து பொருந்திய அந்த வலக்கை ஒன்றாலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். இடக்கை, பக்கத்தில் கிரீஸ் மணக்க மடியில் கிடந்த அவருடைய கையைப் பிடித்திருந்தது.