கரண்டு போனால் ஓடிய தொடர்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நாங்கள் நான்கு பெண்கள் தார் சுற்றிக்கொண்டிருந்தோம். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்கட்டைதான் தார். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. தினமும் பதினொரு மணிக்குக் கரண்டு போகும், ஒரு மணிக்கு வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான்தான் ராணி. கேபிள் வந்த புதிது. முந்தின நாள் சாயங்காலம் தெலுங்கில் பார்த்த துப்பறியும் தொடரைத் தமிழில் நடித்தே காட்டிவிடுவேன்.

அதில் ஒரு இன்ஸ்பெக்டர். மீசையை முறுக்கினால் போதும், கொலைகாரன் தானாக வந்து நிற்பான். அவர் பின்னால் ஒரு பெண் கான்ஸ்டபிள். ஃபைலை நீட்டி "எஸ் சார்" என்பதோடு அவள் வேலை தீர்ந்தது. ஒரே ஒரு நாள், தன் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று அவள் சொன்னாள். அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

எங்களில் மூத்த அக்கா விடவில்லை. அவள் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். அங்கே கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருந்த காலம் அது. எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். ஆறு மாதமாக அவனிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. இன்ஸ்பெக்டர் எத்தனை பேரைப் பிடித்தாலும் அக்கா கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணோட ஊட்டுக்காரன் வந்தானா?"

பார்த்தால், அந்தக் கான்ஸ்டபிளுக்கே தனித் தொடர் போட்டுவிட்டார்கள்! அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஆனால் என் நேரம், இரண்டாம் வாரமே எங்கள் தெருவின் கரண்டு வெட்டைச் சரியாக அந்தத் தொடர் வரும் நேரத்துக்கு மாற்றித் தொலைத்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அக்கா தெருவில் லைட் ஜெகஜோதியாக எரியும். நல்லவேளை, அவள் வீட்டில் டிவி கிடையாது. மற்ற இருவர் வீட்டிலும் கிடையாது.

பார்க்கவில்லை என்று சொன்னால் ராணிப் பட்டம் போய்விடுமே! நானே கதை கட்ட ஆரம்பித்தேன். ஓரத்தில் நின்றவளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் "எஸ் சார்" போதாது என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு ஒரு வீடு வேண்டும், அடுப்பில் ஏதாவது தீய வேண்டும், பயப்படுவதற்கு ஒன்று வேண்டும். முறுக்குவதற்கு மீசையும் இல்லை, எதை வைத்துத் துப்பறிவாள்? போலீஸ் ஸ்டேஷனை நான் எங்கே கண்டேன்? எனக்குத் தெரிந்தது நூல் ஒன்றுதான். ஆகவே என் கான்ஸ்டபிள் நூலை விரலில் உருட்டியே அது எத்தனாம் நம்பர் நூல், யார் கடைச் சரக்கு என்று சொன்னாள். கொலைகள் எல்லாம் தறிக் கொட்டகையில் நடந்தன. குற்றவாளி முக்கால்வாசி நாள் நூல் வியாபாரிதான். ஒருநாள் முதலாளி நின்று கேட்டுவிட்டு முறைத்துக்கொண்டே போனார்.

எல்லாம் சரி, புருஷனை என்ன செய்வது? வந்துவிட்டான் என்று சொன்னால், தன் புருஷனும் வருவான் என்று அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். செத்துவிட்டான் என்று சொல்ல எனக்கு மனசு வராது. வாரம் ஒரு கொலையைப் போட்டு மூன்று மாதம் இழுத்தேன்.

"இன்னாடி இது? ஊர்ல கீற திருடனெல்லாம் புடிக்கிறா, சொந்த ஊட்டுக்காரனைப் புடிக்க மாட்டாளா?" என்று அக்கா ஒருநாள் சீறினாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே கான்ஸ்டபிளுக்கு லீவு போட்டு, கையில் கல்யாண போட்டோவைக் கொடுத்து, சித்தூரில் பஸ் மாற்றிப் பெங்களூருக்கு அனுப்பினேன். மேஸ்திரியைக் கேட்டால் மழுப்புவான் என்று அவள் டீக்கடைக்காரரைக் கேட்டாள். எவன் டீ குடிக்க வருகிறான், எவன் வரவில்லை என்பது அவருக்குத்தானே தெரியும்?

"அவுரு இன்னா சொன்னாரு?" என்றாள் அக்கா. அதற்குள் கரண்டு வந்துவிட்டது.

அடுத்த நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. பெங்களூர் பஸ் ஏறிவிட்டாள் என்றார்கள். பாவி நான், என் வாய்க்கொழுப்பால் ஒருத்தி முன்பின் தெரியாத ஊரில் அலைகிறாளே! நான்கு நாள் சோறு இறங்கவில்லை. சுற்றிய தாரெல்லாம் கோணல்.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்குத் தறிகள் நின்றன. வாசலில் அக்கா. அவளுக்குப் பின்னால் கோலை ஊன்றிக்கொண்டு அவள் புருஷன். சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து, இந்தக் காலோடு எப்படி ஊருக்குப் போவது என்ற வெட்கத்தில் தகரக் கொட்டகையிலேயே கிடந்திருக்கிறான். டீக்கடைக்காரர்தான் காட்டிக்கொடுத்தாராம். அவன் ஒருத்தனுக்கு மட்டும் தினமும் டீ பார்சல் போயிருக்கிறது.

ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, மன்னிச்சிடு. நான் அந்தத் தொடரைப் பார்க்கவே இல்ல. அத்தனையும் நானே கட்டுனது."

அக்கா சிரித்தாள். "தெரியும்டி. எந்தப் போலீஸ்காரி நூலை உருட்டி நம்பர் சொல்லுவா? பக்கத்து ஊட்டு டிவியில நான் பார்த்துக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?"

"டிவியில அவ ஊட்டுக்காரன் மூணாம் வாரமே செத்துட்டான். நீ சாகடிக்கல. அதான் பஸ் ஏறுனேன்."