மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கை

எனக்கு ஒரு ரசிகர் இருக்கிறார் என்று இரண்டு மாதம் நம்பினேன். ஐம்பத்து மூன்று வயதில், முன்வழுக்கையோடும் முட்டி வலியோடும்.

அந்த வருடம்தான் கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விருப்பம் அவர்களுடையது. மகளின் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போன மனைவி, குழந்தை தவழ்கிற வரை, பிறகு நடக்கிற வரை என்று நாளை நீட்டிக்கொண்டிருந்தாள். ஓசூரில் பாகலூர் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் தெரு. பகலில் அங்கே ஒரு முகம் கண்ணில் படாது. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். திடீரென்று போன் வந்தால் தொண்டை கரகரக்கும்.

அப்படி ஒரு வாரத்தில் என் பழைய சின்னக் காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானது.

"ஒரிஜினல் வர பத்து நாள் ஆவும் சார்" என்றார் சிப்காட் பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். "பெங்களூரு பசங்க போடற மாதிரி ஒண்ணு கெடக்குது. அதுவரைக்கும் மாட்டட்டா? சவுண்டு சும்மா அள்ளும்."

தலையாட்டினேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வாசலில் ஸ்டார்ட் செய்தேன். தெரு அதிர்ந்தது. எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. திரைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. ஒரு கை மட்டும் கம்பிக்கு வெளியே நீண்டு வேகவேகமாக ஆடியது.

யாரோ எனக்கு டாட்டா காட்டுகிறார்கள்! பதிலுக்கு நானும் கையாட்டிவிட்டு ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்தேன். அந்தக் கை இன்னும் வேகமாக ஆடியது. புல்லரித்துப் போனேன்.

ஒரிஜினல் வந்துவிட்டது என்று மெக்கானிக் போன் செய்தபோது, "உங்ககிட்டயே இருக்கட்டும் பாய்" என்று சொல்லிவிட்டேன். போக இடம் இல்லாவிட்டாலும் தினமும் பதினோரு மணிக்குக் கிளம்புவேன். கெலமங்கலம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அதற்காக ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் ஜன்னலில் இரண்டு கைகளும் சேர்ந்து கும்பிட்டன. இவ்வளவு மரியாதை எதற்கு என்று கூச்சமாகிவிட்டது. மூன்று முறை மிதித்தேன்.

விடிகாலையிலும் ராத்திரியிலும் மட்டும் வண்டியைத் தொட மாட்டேன். ஊர் தூங்குகிற நேரமாயிற்றே. இருபத்தாறு வருடமும் ஸ்டோர்ஸில் ஜெனரல் ஷிப்ட் பார்த்தவன் நான். ராத்திரி தூக்கம், பகல் வேலை. உலகத்துக்கே அப்படித்தான் என்பது என் எண்ணம்.

ஒரு புதன்கிழமை ராயக்கோட்டை ரோடு சிக்னலில் சிவப்புக்கு நின்றிருந்தேன். கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. டிராபிக் போலீஸ், பைக்கில். அபராதம் போடட்டும், திட்டட்டும். ஆனால் சைலன்சரைக் கழற்றச் சொல்லிவிட்டால்? நாளைக்கு அந்த ஜன்னல் எதற்காகத் திறக்கும்? சட்டென்று இன்ஜினை அணைத்துவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பச்சை விழுந்தது. அப்போதுதான் உறைத்தது: கிளம்ப வேண்டுமென்றால் ஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்தில் வந்து குனிந்தார். "என்னா சார், நின்னுபோச்சா?"

"ஆமாங்க... பேட்டரி."

"சாவியத் திருப்பி செகண்ட் கியர்ல போட்டு வைங்க. நான் தள்றன். சொல்றப்போ கிளட்ச்ச வுடுங்க."

"வேண்டாங்க சார், தானா சரியாயிரும்."

"தானா சரியாவறதுக்கு இதென்னா ஜலதோசமா?"

பைக்கை ஓரங்கட்டிவிட்டு வந்து தள்ள ஆரம்பித்தார். நான் கிளட்சை விடவே இல்லை. அவர் மூச்சு வாங்க ஐம்பது அடி தள்ளினார். "வுடுங்க சார்! வுடுங்க!" என்று கத்தினார். முட்டி வலி தாங்காமல் என் கால் அதுவாகவே நழுவியது.

வண்டி கர்ஜித்தது. அவருடைய முழங்காலுக்கு நேராக.

ஓரமாக நிறுத்தினேன். அவர் சாவகாசமாக நடந்து வந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பிறகு தன் போனைப் பார்த்தார்.

"அட, நீங்கதானா? ரெண்டு நாளா இந்த வண்டியத்தான் தேடிக்கினு இருக்கறம். தள்ளி வேற வுட்டன் பாருங்க."

"யாருங்க கம்ப்ளெயிண்ட் கொடுத்தது?"

"உங்க எதிர் பில்டிங்கு, மூணாவது மாடி. நைட் ஷிப்ட் பாக்கறவரு. விடிஞ்சு வந்து படுத்தா, பதினோரு மணிக்கு எழுப்பி வுட்டுடறீங்களாம். வேணாம்னு தெனம் கையக் காட்டனாராம், கும்புட்டுக்கூட பாத்தாராம். நீங்க அதுக்கும் மேல முறுக்கறீங்களாமே. அவரு மேல உங்களுக்கு என்னா சார் பகை?"

"பகையெல்லாம் இல்லீங்க" என்றேன். மீதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி தள்ளியிருப்பார், இந்த முறை மனநல ஆஸ்பத்திரிப் பக்கமாக.

அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போய் ஒரிஜினல் சைலன்சரை மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு வண்டியை எடுத்தேன். ஸ்டார்ட் ஆனதே எனக்குக் கேட்கவில்லை. சும்மா கொஞ்ச நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திறக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.