வாளி நிறையத் தீர்த்தம்

எவேலியோவுக்கு வீடு மலைமேல். முடிவெட்டும் கடை மலையடியில். நடுவே கொலம்பிய மலைச்சாலை, கொண்டை ஊசி வளைவுகளாக. மாலையில் காப்பி லாரியின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி சைக்கிளில் ஏறுவார். காலையில் பஸ்ஸை முந்திக்கொண்டு இறங்குவார். ஐம்பது தாண்டிய வயதில் அவருடைய ஒரே சொத்து அந்த வேகம்தான். "மின்னல் வந்தாச்சு!" என்று கடைவாசலில் காத்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். வேறெந்த முடிவெட்டுபவருக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

மனைவி நொயேமிக்கு மின்னல் வேண்டாம், புருஷன் போதும். விபத்தில் செத்தவர்களுக்காக வளைவோரம் நட்ட சிலுவைகளில் புதிதாக ஒன்று முளைத்ததும் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இனிமே பஸ்ஸுல போய்யா."

"தினம் முந்துற பஸ்ஸுலயாடி? ஊரே சிரிக்கும்."

"பெட்டியில போனா அழும். எது வசதி?"

கடைசியில் சமரசமானது. கார்மேல் மாதா திருநாளில் வண்டிகளோடு சைக்கிளையும் மந்திரிக்க வேண்டும், பிறகு சாவி.

திருநாளன்று லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் நடுவே எவேலியோ சைக்கிளோடு நின்றார். பங்குச்சாமியார் துடைப்பத்தால் தீர்த்தம் தெளித்தார். நொயேமிக்குத் திருப்தியில்லை.

"சாமி, லாரிக்கும் ரெண்டு சொட்டு, இவருக்கும் ரெண்டு சொட்டா? ஆளைப் பாத்தா தெரியலையா? சக்கரத்துல நல்லா ஊத்துங்க."

சாமியார் ஆளைப் பார்த்தார். வாளியையே கவிழ்த்தார்.

ஊர் கைதட்ட, சைக்கிள் சொட்டச் சொட்ட, எவேலியோ பாய்ந்தார். முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினார். நனைந்த சக்கர விளிம்பில் ரப்பர் கட்டைகள் பக்தியோடு வழுக்கின. வாழ்நாள் முழுக்க விர்ரென்று கடந்த வளைவில் அந்தப் புதுச் சிலுவை நிதானமாக எதிரே வந்தது. அதில் எழுதியிருந்த பெயரைக்கூட அவரால் படிக்க முடிந்தது. நொயேமி தனியாகச் சோறு போட்டுக்கொள்வாள் என்று ஏனோ தோன்றியது. ஹாண்டிலைத் திருப்பினார், காப்பிப்பழத் தோல் அழுகிக் கிடந்த குவியலுக்குள் தலைகீழாகப் போனார்.

கழுத்தெலும்பு முறிந்தது. இரண்டு பற்கள் போயின. ஓடிவந்த நொயேமி நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் அவரைக் கட்டிக்கொண்டாள்.

"மாதா காப்பாத்திட்டா!"

தள்ளிவிட்டது எது என்று கேட்க எவேலியோ வாயைத் திறந்தார். பல் போன வாயில் நியாயம் பேசுவது சிரமம்.

அடுத்த திருநாளிலும் வாளி கவிழ்ந்தது. எவேலியோ சட்டையைக் கழற்றி விளிம்புகளைத் துடைத்தார்.

"ஏன்யா துடைக்கிற? பாவம்யா!"

"மாதா மேல நம்பிக்கை இருக்குடி. தண்ணி மேலதான் இல்ல."

வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. மின்னல் சாலையோரம் ஒதுங்கி வழிவிட்டது.