எங்கள் வீட்டுப் பேப்பரில் மட்டும் புயல்

மார்கழிப் பனியில் விடிய விடிய நனைந்த வலைக்கு ஒரு வாசம் உண்டு... உப்பும் பாசியும் ஈரக்கயிறும் கலந்த வாசம். காரைக்கால்மேட்டில் அந்த வாசம் வந்துவிட்டால் எனக்கு இருமலும் வந்துவிடும். வருஷா வருஷம் அப்படித்தான்.

அப்போது எனக்கு எழுத்து தெரியாது. என் மனைவி அஞ்சலைக்குத் தெரியும். சாயங்காலம் டீக்கடையிலிருந்து பேப்பரை வாங்கி வந்து, வானிலைச் செய்தியை எனக்குச் சத்தமாக வாசிப்பாள். விடியற்காலையில் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது அதை வைத்துத்தான்.

ஒரு மார்கழியில் நெஞ்சு கட்டிக்கொண்டு ஓயாத இருமல். அன்றைக்கும் வாசித்தாள்.

"ஏங்க, நாளைக்குச் சூறைக்காத்து அடிக்குமாம். யாரும் கடலுக்குப் போவக் கூடாதாம்."

"எங்க போட்டிருக்கு? காட்டு."

"இந்தா, இங்கதான். நல்லாப் பாத்துக்குங்க."

அவள் விரல் வைத்த இடத்தில் ஒரு பெண் பட்டுச்சேலை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் பார்க்கப் படிப்பு எதற்கு?

வெளியே வந்து பார்த்தேன். வானம் கழுவிவிட்டது போல இருந்தது. வாடைக்காற்று மெதுவாக வீசியது.

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லாப் படகுகளும் போயின. எங்கள் படகும் நான் இல்லாமலே போனது. கரை திரும்பிய அஞ்சலையின் தம்பி கலியன், மீன் கூடையோடு வாசலில் நின்று சிரித்தான்.

"என்ன மச்சான், ஒங்க வீட்டுப் பேப்பர்ல மட்டும் பொயலா?"

"ஆமாண்டா. ஒங்க அக்கா படிச்சவ. ஒனக்கு என்னா தெரியும்?"

அஞ்சலை சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இருமிய போதெல்லாம் எங்கள் வீட்டில் புயல்தான்... எங்கே போட்டிருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

அவள் போய்ச் சேர்ந்து இது மூன்றாவது மார்கழி. போன வருஷம் முதியோர் வகுப்பில் எழுத்து கற்றுக்கொண்டேன். கடலுக்குப் போவதை விட்டாயிற்று, கரையில் வலை பழுது பார்க்கிறேன். ஆனால் செல்போனில் வானிலையை நானே வாசிக்கிறேன்! படகுக்காரப் பையன்களுக்கும் வாசித்துச் சொல்கிறேன். என்ன சந்தோஷம் தெரியுமா?

இன்று காலை பனியில் கீழவாஞ்சூர் துறைமுக விளக்குகூடத் தெரியவில்லை. வலை வாசம் வந்தது. இருமல் வந்தது. செல்போனை எடுத்தேன்.

'காரைக்காலில் வறண்ட வானிலை நிலவும். அதிகாலையில் லேசான பனிமூட்டம் காணப்படும். மீனவர்களுக்கு எச்சரிக்கை ஏதுமில்லை.'

ஒரு எழுத்து விடாமல் இன்னொரு தடவையும் வாசித்தேன்...

போக வேண்டாம் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை.